அக்கா கதவைச் சாத்திய திருவூடல்

என் கையால் நான் போட்ட முதல் தையல் என் அக்காவின் தலையில் போட்டதுதான். அதுவரை பிரசவ ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தைக்கும்போது பக்கத்தில் நின்று கத்தரியும் நூலும் எடுத்துக் கொடுத்திருக்கிறேனே தவிர, ஊசியைப் பிடித்ததில்லை. அன்று மத்தியானம் டாக்டரம்மா ஒரு கேஸை அழைத்துக்கொண்டு வேலூருக்குப் போயிருந்தார். அக்கா முந்தானையைத் தலையில் சுருட்டி அழுத்திக்கொண்டு, இடுப்பில் குழந்தையோடு பின்வாசல் வழியாக வந்தாள். கழுத்து, ரவிக்கை, குழந்தையின் கால் எல்லாம் ரத்தம். குழந்தைக்குத்தான் அடிபட்டுவிட்டது என்று முதலில் பயந்துபோனேன்.

"தேங்காய்ல அடிச்சாரு" என்று மட்டும் சொன்னாள். பிறகு பெஞ்சில் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

கத்தியோ கல்லோ பட்டால் காயம் ஒரு கோடாக இருக்கும். தேங்காயில் தோல் நசுங்கிப் பிளந்திருந்தது. மயிரை வழித்து, டெட்டால் ஊற்றிக் கழுவி, ஊசியைக் கோத்தேன். மரத்துப்போக வைக்கும் ஊசி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு போடவேண்டும் என்று தெரியாது. அக்கா வேண்டாம் என்றாள். ஒவ்வொரு தடவை ஊசி இறங்கும்போதும் அவளுடைய பாதம் பெஞ்சின் காலை உதைத்தது. வாயிலிருந்து சத்தம் வரவில்லை. அன்று என் கை நடுங்கவில்லை என்பதை இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. கோபம் இருந்தால் கை நடுங்காது போலிருக்கிறது.

எழுபதுகளின் கடைசி அது. நாங்கள் செங்கம் பக்கத்து விவசாயக் குடும்பம். அம்மா சீக்கிரமே போய்விட்டார். அப்பா அக்காவைத் திருவண்ணாமலையில் திருவூடல் தெருவில் வீடும், பெரிய கோபுரத்துக்குப் பக்கத்தில் தேங்காய் மண்டியும் வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தார். எனக்கு அந்த ஊரிலேயே நர்ஸ் வேலை கிடைத்தபோது, வயசுப்பெண் தனியாகத் தங்கக்கூடாது என்று அக்கா வீட்டிலேயே விட்டார்கள். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன்.

மாமாவை வெளியில் பார்த்த யாரும் இதையெல்லாம் நம்பமாட்டார்கள். குடிப்பதில்லை, பீடிகூடக் கிடையாது. ஒவ்வொரு பிரதோஷத்துக்கும் மலை சுற்றுவார். மண்டிக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் சாமியார்களுக்குத் தினமும் சோறு போடுவார். கூலியாள் இருந்தாலும், தரையில் நட்டிருந்த இரும்புப் பாரையில் தேங்காயைக் குத்தி மட்டை உரிப்பதை அவரே செய்வார். அந்தக் கைகளில் அவ்வளவு பலம். குடிக்கிற ஆளாக இருந்திருந்தால், கேட்பவர்களுக்குச் சொல்ல எங்களிடம் ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

அவருக்கு ஒரே சாமி. பூஜை அலமாரியில் ஒரு கல் லிங்கம், பின்னால் அண்ணாமலையார் படம். பிள்ளைகள் என்பதால் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் இடம் உண்டு. வாகனம் என்பதால் நந்திக்கு உண்டு. அம்மன் கிடையாது. லட்சுமி, சரஸ்வதி கிடையாது. பெருமாள் படம் போட்ட காலண்டரை யாராவது கொடுத்தால் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுவார். சாயங்காலம் மண்டியிலிருந்து வந்து குளித்துவிட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மலை உண்டான கதையைச் சொல்வார். பிரம்மாவும் பெருமாளும் யார் பெரியவர் என்று சண்டை போட்டது, அடியும் முடியும் தெரியாத நெருப்பாகச் சாமி நின்றது, பெருமாள் பன்றியாகி மண்ணைத் தோண்டியது, பிரம்மா அன்னமாகிப் பறந்தது, முடியைப் பார்த்துவிட்டதாகப் பிரம்மா பொய் சொன்னது, அதற்குத் தாழம்பூ சாட்சி சொன்னது. பிரம்மாவின் தலை ஒன்றைச் சாமி கிள்ளிப் போட்ட இடத்துக்கு வரும்போது அவர் குரல் ஏறிவிடும். குழந்தை மடியிலிருந்து இறங்கப் பார்க்கும்.

அவர் அக்காவை முதல் தடவை அடித்தது அந்தத் தாழம்பூவுக்காகத்தான். கல்யாணமான புதிதில் அக்காவின் தோழி ஒருத்தி ஆசையாகத் தாழம்பூ வைத்துச் சடை தைத்துவிட்டிருக்கிறாள். மாமா வந்து பார்த்தார். பொய்ச்சாட்சி சொன்ன பூ என் வீட்டுக்குள் வரலாமா என்று கேட்டாராம். அக்கா சிரித்திருக்கிறாள், விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று. சடையைக் கையில் சுற்றி இழுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், மட்டை வெட்டும் அரிவாளால் சடையோடு பூவை அறுத்துப் போட்டார். நான் வந்து தங்கியபோது முடி தோள்வரைக்கும் வளர்ந்திருந்தது. டைபாய்டு வந்து கொட்டிவிட்டது என்றுதான் அக்கா என்னிடமும் அப்பாவிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

பிருங்கி முனிவர் கதைதான் அவருக்கு ரொம்பப் பிடித்தது. அம்மனை விட்டுவிட்டுச் சாமியை மட்டும் வலம்வந்தவர் பிருங்கி. இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்தபோதுகூட, வண்டாக மாறி நடுவில் துளைத்துக்கொண்டு சாமியை மட்டும் சுற்றினார். பக்தி என்றால் அப்படி இருக்கவேண்டும் என்பார் மாமா. அம்மனுக்குக் கோபம் வந்து பிருங்கியின் உடம்பிலிருந்த ரத்தத்தையும் சதையையும் எடுத்துக்கொண்டாள், நிற்கக்கூட முடியாமல் அவர் மூன்றாம் கால் வாங்கிக்கொண்டார் என்பது கதையின் மீதி. அதை அவர் சொன்னதில்லை. மாமா மண்டிக்குப் போனபிறகு அக்கா அடுப்படியில் குழந்தைக்குச் சொல்லுவாள்.

அந்தத் தேங்காய்க் காயத்துக்கு அடுத்த வருஷம், பங்குனி மாதம் குழந்தைக்கு அம்மை போட்டது. முகம், வயிறு, நாக்கு எல்லாம் கொப்புளம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, சின்னம்மைதான், தானாக இறங்கும், தண்ணி நிறையக் கொடு என்றார். அக்கா தன் கணக்கில் செய்யவேண்டியதைச் செய்தாள். வாசல் நிலையில் வேப்பிலை செருகினாள். தாளிப்பதை நிறுத்தினாள். குழந்தையை வாழை இலையில் படுக்கவைத்தாள். கல்யாணப் புடவைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த அங்காளம்மன் படத்தை ட்ரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, லிங்கத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மலையனூர் அங்காளம்மன் எங்கள் குலதெய்வம். எனக்கும் அக்காவுக்கும் மொட்டை போட்டுக் காது குத்தியது அங்கேதான்.

நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தேன். மாமாவும் வந்தார். வேப்பிலையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து அலமாரி முன்னால் நின்றார். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

"இது யாரு?"

"எங்க ஊட்டு சாமிங்க. கொழந்தைக்கு எறங்கற வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் எடுத்து வச்சிட்றேன்."

"இந்த ஊட்ல ஒரு சாமிதான்னு சொல்லியிருக்கனா இல்லையா?"

அக்கா பதிலுக்குப் பதில் பேசுகிறவள் இல்லை. அன்று சொன்னதும் சண்டைக்காகச் சொன்னது இல்லை. குழந்தைக்காகக் கெஞ்சுகிற குரலில், எங்கள் அம்மா எங்களுக்குச் சொன்ன கதையைத்தான் அவரிடம் சொன்னாள்.

"உங்க சாமி கையில பிரம்மா மண்டை ஒட்டிக்கினு, பிச்சை எடுத்துத் திரிஞ்சாரு இல்லீங்களா. அதை மிதிச்சு எறக்கனது இந்த அம்மாதாங்க. அவரைக் காப்பாத்தனவ. ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருந்தா இன்னாங்க?"

அவர் படத்தை எடுத்தார். எடுத்து அதே கையால் அவள் முகத்தில் அடித்தார். கண்ணாடி உடைந்தது. அக்கா கீழே விழுந்ததும் பிடரியைப் பிடித்துத் தரையில் கிடந்த கண்ணாடித் துண்டுகள்மேல் முகத்தை வைத்துத் தேய்த்தார். காப்பாத்தனவளா, காப்பாத்தனவளா என்று அடிக்குரலில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே தேய்த்தார். மட்டை உரிக்கும்போது தோளைக் கொடுத்து அழுத்துவது போலவே அழுத்தினார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். இழுக்க முடியவில்லை, கடித்தேன். அவர் என்னைத் தூக்கி எறிந்தார். ஆட்டுக்கல்லில் போய் விழுந்தேன். காறை எலும்பு முறிந்த சத்தம் என் காதுக்கே கேட்டது. எழுந்திருக்க முடியாமல் கிடந்த இடத்திலிருந்து பார்த்தபோது குழந்தை வாழை இலையில் எழுந்து உட்கார்ந்திருந்தது. கொப்புளத்துக்கு நடுவில் கண் மட்டும் விழித்திருந்தது. அது அழவில்லை. அந்த வீட்டில் சத்தம் போட்டால் என்ன நடக்கும் என்று அந்த வயதிலேயே அதற்குத் தெரிந்திருந்தது.

அப்புறம் அவர் நிறுத்தினார். கிணற்றடிக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். அலமாரிக்கு முன்னால் நின்று கற்பூரம் காட்டினார். அக்கா எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், முகத்திலிருந்து ரத்தம் மடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவளைத் தாண்டிப் போய், தானே சோறு போட்டுக்கொண்டு, மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு மண்டிக்குப் போனார்.

டாக்டரம்மா அவள் கன்னத்திலிருந்து கண்ணாடிச் சில்லுகளைச் சாமணத்தால் எடுத்து எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டார். கண் தப்பித்தது. இடது இமை மட்டும் அன்றிலிருந்து பாதிதான் திறக்கும். எனக்குத் தோளில் எட்டு மாதிரி கட்டுப் போட்டுவிட்டார்கள். போலீசுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அப்பா ஊரிலிருந்து வந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய் அழுதார். திரும்பி வந்து, பொம்பளப் பிள்ளை இருக்கிறது, பொறுத்துப் போ என்றார். தெருவில் பெரியவர்கள் கூடி மாமாவைக் கண்டித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். அந்தப் பெரியவர்கள் அக்காவிடம் சொன்னது ஒன்றுதான். தை ரெண்டாம் நாள் நம் தெருவிலேயே சாமியும் அம்மனும் ஊடல் பண்ணிச் சேருகிறார்கள், அதைப் புருஷன் பெண்டாட்டி ஜோடியாக நின்று பார்த்தால் குடும்பத்தில் சண்டை வராது, வருகிற தையில் மனசு ஒத்து நின்று பாருங்கள் என்றார்கள். கல்யாணமான நாளிலிருந்து அக்கா ஒவ்வொரு வருஷமும் ஜோடியாக நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மார்கழி மாதம் அக்கா என்னை அழைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். இரும்புப் பெட்டியும் பூட்டும் செய்கிற பாய் ஒருவர் அங்கே இருந்தார். அவருடைய மருமகளுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் ஆனது. வாசல் கதவுக்கு ஒரு பெரிய தாழ்ப்பாள் வேண்டும் என்று அக்கா சொன்னாள். பாய் அவளுடைய முகத்தைப் பார்த்தார். கன்னத்துத் தழும்பு அப்போதும் சிவப்பாகவே இருந்தது.

"உள்பக்கம் போடறதாம்மா, வெளிப்பக்கமா?"

"உள்பக்கம்."

மறுநாளே அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, கட்டைவிரலைவிடத் தடியான கம்பியில் ஒரு தாழ்ப்பாளைப் பொருத்தி, ஆணிகளை மறுபுறம் வரை இறக்கி மடக்கிவிட்டுப் போனார். திருவிழாக் கூட்டத்தில் திருட்டுப் பயம் ஜாஸ்தி, பழசு துருப்பிடித்துவிட்டது என்று மாமாவிடம் சொன்னாள். நல்லதுதான் என்றார் அவர்.

என்ன செய்யப்போகிறாய் என்று நான் அக்காவைக் கேட்கவில்லை. அவளுக்கே தெரிந்திருக்குமா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

திருவூடல் அன்று சாயங்காலம் தெருவில் கால் வைக்க இடமில்லை. மாட்டுப் பொங்கல் என்பதால் சுற்றுக் கிராமங்களிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மாடிகளில் பெண்கள். பெரியவர்கள் சொன்னபடி மாமாவும் அக்காவும் முன்வரிசையில் ஜோடியாக நின்றார்கள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன். சாமி ஒரு பக்கம், அம்மன் ஒரு பக்கம். மேளமும் பேரிகையும் முழங்கச் சாமி முன்னால் வருவார், அம்மன் பின்வாங்குவாள். அம்மன் வருவாள், சாமி போவார். நடுவில் நாயனார் சமாதானத் தூது போய்வருவார். பிருங்கிக்குக் காட்சி கொடுக்கச் சாமி போகக்கூடாது என்பதுதான் அம்மனுடைய கோபம். கடைசியில் அம்மன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தூக்கியிருந்தவர்கள் அவளோடு கோயில் பக்கம் ஓடினார்கள். அம்மன் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், சாமி வெளியே நிற்பார். ஜனம் கூச்சலோடு அம்மன் பின்னால் நகர்ந்தது. மாமா சாமியைப் பார்த்துக் கைகளைத் தலைக்குமேல் குவித்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா திரும்பினாள். என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "வாடி, ஊட்டுக்குப் போலாம்" என்றாள்.

வீடு அங்கிருந்து கூப்பிடுகிற தூரம்தான். உள்ளே போனதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். குழந்தையை அடுப்படியில் உட்காரவைத்து, வெளியே வரக்கூடாது என்றாள். பிறகு கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். விளக்குப் போடவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் வந்து தட்டினார். பிறகு குத்தினார்.

"தொறடி."

"இன்னிக்குத் தொறக்கமாட்டேன். மண்டில போய்ப் படுத்துக்குங்க."

வெளியே தெரு நிறைய ஆட்கள். அவள் சொன்னது எல்லோருக்கும் கேட்டிருக்கவேண்டும். அம்மன் உன் வீட்டுக்கே வந்துவிட்டாள் போலிருக்கிறது என்று யாரோ ஒரு ஆள் சொல்ல, பலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவருக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். தட்டுவது நின்றது. போய்விட்டார் என்று நான் மூச்சு விட்டேன். அக்கா அசையவில்லை. திரும்பி வந்தபோது அவர் கையில் மண்டியிலிருந்து பிடுங்கிய பாரை இருந்தது.

முதல் குத்தில் மேல்பலகை விரிந்தது. அடுத்த குத்தில் பிளந்து சிம்புகளாக உள்ளே தெறித்தது. யாரோ வேண்டாம்பா, வேண்டாம்பா என்றார்கள். ஒருவரும் அவரைப் பிடித்ததாகத் தெரியவில்லை. பிளந்த இடத்தில் வலதுகையைத் தோள்வரை விட்டுத் தாழ்ப்பாளைத் தேடினார். சிம்பு கிழித்து முழங்கையிலிருந்து ரத்தம் ஓடியது. அதைக் கவனிக்காமல் அந்தக் கை கதவின் உள்பக்கத்தில் மேலும் கீழும் துழாவியது. கொன்னுடுவேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். கத்திச் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, பலகையில் வாயை வைத்துச் சொன்னார்.

விரல் தாழ்ப்பாளைத் தொட்டது. அக்கா சுவரில் சாய்த்திருந்த உலக்கையை எடுத்து இரண்டு கையாலும் ஓங்கி அந்தக் கைமேல் இறக்கினாள்.

கை விலகவில்லை. தாழ்ப்பாளை இன்னும் கெட்டியாகப் பிடித்தது. மறுபடி அடித்தாள். இந்தத் தடவை பூண் போட்ட முனை பட்டது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இரண்டு எலும்பும் போன சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். விரல்கள் விரிந்து தொங்கின. அவர் போட்ட அலறல் பேரிகையில் பாதி அமுங்கிப்போனது. அக்கா மூன்றாம் தடவையும் அடித்தாள். பிறகும் ஓங்கினாள். நான் அவளைத் தடுக்கவில்லை. உலக்கையை அவளாகவே கீழே விட்டாள்.

கை பலகைக்குள் மாட்டிக்கொண்டது. வெளியே நின்றவர்கள் அவரை இடுப்பைப் பிடித்து இழுத்தபோது தோலும் சதையும் சிம்பில் வழித்துக்கொண்டு போனது. நான் ஜன்னலைத் திறந்து, கையைத் தொங்கவிடாதீர்கள், தென்னை மட்டையைப் பிளந்து இரண்டு பக்கமும் வைத்துத் துணியால் கட்டுங்கள், பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள் என்று கத்தினேன். ஏன் சொன்னேன் என்று கேட்டால், வேலை அப்படிப் பழக்கியிருந்தது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

அக்கா கதவுக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். பிறகு தண்ணீர் கொண்டுவந்து ரத்தத்தையும் வாந்தியையும் கழுவிவிட்டாள். குழந்தை அடுப்படியில் சொன்ன இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

காலையில் போலீஸ் ஏட்டு வந்தார். ஆஸ்பத்திரியில் மாமா, பாரை வழுக்கிக் கைமேல் விழுந்துவிட்டது என்று சொல்லியிருந்தார். பெண்டாட்டி உலக்கையால் அடித்தாள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஏட்டு உடைந்த கதவைப் பார்த்தார், அக்காவின் இமையைப் பார்த்தார், ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் பெரியவர்கள் வந்தார்கள். இன்று சாயங்காலம் மறுவூடல், மலை சுற்றி வருகிற சாமிக்கு அம்மனே கதவைத் திறந்துவிடுகிறாள், நீயும் கோபத்தை விடு என்றார்கள்.

"அம்மன் சேத்துக்கட்டும். அவரு சாமி, நாளைக்கு எழுந்து அவளை அடிக்கமாட்டாரு" என்றாள் அக்கா.

அவர்களில் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. சாமியோடு விளையாடாதே என்றார். விளையாடவில்லை என்றாள் அவள்.

மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் நாங்கள் அந்த வீட்டை விட்டுவிட்டோம். டாக்டரம்மா பின்கட்டில் ஓர் அறை கொடுத்தார். அக்காவும் அங்கேயே ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். மாமாவின் கை கோணலாகக் கூடியது. மட்டை உரிக்க முடியவில்லை. மண்டிக்கு எதிரே கூலியாளை அதட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று சொன்னார்கள். நாங்கள் அந்தப் பக்கம் போவதில்லை. பெரிய கோபுரத்தை விட்டு, மேற்கு வாசல் பேய்க்கோபுரம் வழியாகச் சுற்றிக் கோயிலுக்குப் போவோம். அக்கா உண்ணாமுலை அம்மன் சன்னதிக்கு நேராகப் போய்விட்டு அப்படியே திரும்பிவிடுவாள்.

அடுத்த கார்த்திகையில் தேர். பிள்ளையார், முருகன், அண்ணாமலையார் தேரெல்லாம் போனபிறகு அம்மன் தேர். அதைப் பெண்கள்தான் இழுப்பார்கள். அக்கா வடத்தில் நின்றாள். நான் பின்னால் நின்றேன். குழந்தை எங்களுக்கு நடுவில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. தேர் நகர ஆரம்பித்து, நெரிசலில் எல்லோரும் முன்னால் பார்த்திருந்த நேரத்தில், முந்தானை இழுபட்டது. திரும்பினால் மாமா. இடது கையால் குழந்தையின் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார். குழந்தை வாயைத் திறந்தது. இத்தனை வருஷத்தில் அது கத்தி நான் கேட்டது அப்போதுதான்.

அக்கா வடத்தை விட்டுவிட்டுப் பாய்ந்தாள். அவளுக்கு முன்னால் மற்றப் பெண்கள் பாய்ந்துவிட்டார்கள். யார் எவர் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு ஆள் பெண்குழந்தையின் சடையைப் பிடித்து இழுக்கிறான், அவ்வளவுதான் பார்த்தார்கள். வேட்டியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார்கள். கையால் அடித்தார்கள், மிதித்தார்கள், ஒருத்தி அவர் காதைப் பிய்த்தே விட்டாள். குழந்தையை நான் வாரிக்கொண்டேன். அவர் உருண்டு உருண்டு தேர்ப் பக்கம் போனார். தேர் நிற்கவில்லை. முன்னால் இழுப்பவர்களுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. சக்கரம் ஆள் உயரம்.

"சக்கரம். அந்தப் பக்கம் தள்ளாதீங்க" என்று அக்கா கத்தினாள். அந்தப் பெண்களின் முதுகிலும் தோளிலும் குத்தி வழிபண்ணிக்கொண்டு உள்ளே போய், அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தரையோடு இழுத்து இந்தப்பக்கம் போட்டாள். சக்கரம் அவர் துண்டை மண்ணுக்குள் அழுத்திக்கொண்டு போனது. அவர் கோணல்கையை மார்போடு அணைத்துக்கொண்டு கிடந்தார். அந்த முகத்தில் பயத்தை நான் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு, குழந்தை அதைப் பார்க்காமலிருக்க அதன் முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டேன்.

"இனிமே வராத. அடுத்தவாட்டி நான் இழுக்கமாட்டேன்" என்றாள் அக்கா. கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் ஒருமையில் பேசியது அந்த ஒரு தடவைதான்.

அவர் வரவில்லை. தை பிறப்பதற்குள் மண்டியைக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். காசியில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், காளஹஸ்தியில் என்று ஒருவர் சொன்னார். அந்த மாசி மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு மலையனூர் போனோம். அக்கா தாலியைக் கழற்றி உண்டியலில் போட்டாள். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருத்தி, அய்யோ பாவம், இந்த வயதிலா என்றாள். அக்கா குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு காலை, அடி அண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு கர்ப்பிணியை அழைத்துவந்தார்கள். மாசம் ஏழு. படியில் விழுந்துவிட்டாள் என்றான் புருஷன். அவளுடைய இரண்டு முன்கையிலும் ஒரே மாதிரி வீக்கம், முகத்துக்கு நேரே கையை வைத்துத் தடுத்தால் வருகிற வீக்கம். டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கா வெளியே போய், பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவன் எதிரில் நின்றாள். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

"அவ இங்கயே இருக்கட்டும், பிள்ளை பொறக்கற வரைக்கும். நீ போ."

"நீ யாரு அதைச் சொல்ல?" என்று அவன் எழுந்தான். அக்காவைவிட ஒரு முழம் உயரம். அக்கா நகரவில்லை. பாதி மூடிய இமையோடு அவனை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் கையை ஓங்கினான். ஓங்கின கையை அங்கிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவனும் அதைப் பார்த்தான். இறக்கிக்கொண்டு, திட்டிக்கொண்டே வெளியே போனான்.

அந்தப் பெண்ணை எங்கள் அறைக்கு அழைத்துப்போய், கஞ்சி கொடுத்து, என் கட்டிலில் படுக்கவைத்தோம். சாயங்காலம்வரை தூங்கினாள். இடையில் மருந்து கொடுக்கவேண்டிய நேரம் வந்தது. எழுப்பவேண்டாம், தூங்கட்டும் என்றாள் அக்கா.